சீன எழுத்துக்கலையைக் கையசைவின் வழியே பார்ப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சீன எழுத்துச் சுருள் ஒன்றின் முன்னால் முதன்முறை நிற்பவர் பெரும்பாலும் சொல்வது, "எனக்குச் சீனம் தெரியாதே" என்பதுதான். அது பெரிய குறை இல்லை. ட்சாவ்ஷு எனப்படும் விரைவெழுத்தில் இருப்பதைச் சீனர்களிலேயே பெரும்பாலோரால் படிக்க முடியாது. ஆனாலும் அதன் முன்னால் நெடுநேரம் நிற்கிறார்கள். கை எங்கே அழுந்தியது, எங்கே பறந்தது, எங்கே நின்று மூச்சு வாங்கியது என்று தடம் பிடித்துக்கொண்டே போகிறார்கள்.

தடம் பிடிக்க முடிவதற்குக் காரணங்கள் உண்டு. மை தாளில் விழுந்தால் அழியாது. எழுதிய கோட்டின்மேல் மறுபடி தூரிகை வைத்துச் சரிசெய்வது இந்தக் கலையில் குற்றம். எந்தக் கோடு முதலில், எது அடுத்தது என்ற வரிசையும் ஒவ்வோர் எழுத்துக்கும் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஆயிரம் வருடம் பழைய தாள் என்றாலும், எழுதியவரின் கை எந்த வழியாகப் போனது, எங்கே விரைந்தது என்று நாம் பின்தொடரலாம். வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசிய ஓவியத்தில் இந்த வசதி இல்லை.

கையசைவின் தடத்தைப் பார்க்கும்போது நம் உடலும் சும்மா இருப்பதில்லை. லூச்சியோ ஃபோன்டானா என்ற கலைஞர் கத்தியால் கிழித்த கான்வாஸ்களை வைத்து 2012-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கிழிசலைப் பார்த்தவர்களின் மூளையில் அசைவோடு தொடர்புடைய பகுதி தூண்டப்பட்டது. அதே இடத்தில் வெறும் கோடு போட்ட படங்களுக்கு அந்தத் தூண்டல் அப்படி வரவில்லை. எழுத்துக்கலை ரசிகர்கள் விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பதை நேரில் கண்டவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கீழே சொல்லும் முறைக்குச் சீன மொழி வேண்டாம். ஒரு நல்ல படம், வலது கை ஆள்காட்டி விரல், அரைமணி நேரப் பொறுமை போதும்.

எந்தப் படைப்பில் தொடங்குவது

எழுத்து வடிவங்கள் ஐந்து. முத்திரைகளில் காணும் பழைய ஜுவான்ஷு, அகன்ற கோடுகள் கொண்ட லிஷு, அச்செழுத்துப் போல் நிற்கும் காய்ஷு, நடையெழுத்தான ஷிங்ஷு, விரைவெழுத்தான ட்சாவ்ஷு. பலரும் ட்சாவ்ஷுவின் சுழலில் மயங்கி அங்கேயே தொடங்குகிறார்கள். அது தவறான வாசல். கோடுகள் சுருங்கி ஒன்றோடொன்று கலந்திருப்பதால் வரிசை பிடிபடாது. வெறும் சுழலைக் கண்டு வியந்துவிட்டு வருவோம். காய்ஷுவில் ஒருநாள் வரிசையைப் பழகிவிட்டு ஷிங்ஷுவுக்கு வாருங்கள். அதில் ஒவ்வொரு கோடும் இன்னும் தனியாகத் தெரியும், அதே சமயம் கை ஓடிய ஓட்டமும் தெரியும்.

எந்த வகைப் பிரதி என்பது அதைவிட முக்கியம். மூன்று வகை கண்ணில் படும். முதலாவது, தூரிகையால் எழுதிய மூலத்தாள். இரண்டாவது, மூலத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து ஓரங்களை வரைந்து உள்ளே மை நிரப்பிய நகல். மூன்றாவது, கல்லில் வெட்டிய எழுத்தின்மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த கல்வெட்டுப்படி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருக்கும். சியான் நகரின் 'கல்வெட்டுக் காடு' என்ற அருங்காட்சியகத்தில் உள்ள, தாங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் யான் ஜென்ச்சிங்கின் 752-ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் போன்றவற்றின் படிகள்தாம் பயிற்சிப் புத்தகங்களில் நிறைய. எழுத்தின் கட்டமைப்பைப் படிக்க அவை நல்லவை. கையசைவைப் படிக்க உதவாது. மை காய்ந்த இடமும் தேங்கிய இடமும் அதில் இருக்காது, உளி தொட்ட ஓரந்தான் இருக்கும்.

இணையத்தில் தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பெரிய அளவுப் படங்களை இலவசமாகத் தருகின்றன. ஒரு கோட்டின் ஓரத்தில் தூரிகை மயிரின் கீறல் தெரியும் அளவுக்குப் பெரிதாக்க முடிந்தால்தான் அந்தப் படம் பயன்படும்.

முதல் பார்வை: திசை

எழுத்துகள் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக ஓடும். பத்திகள் வலமிருந்து இடமாக நகரும். ஆகவே வலது மேல் மூலைதான் தொடக்கம். நீளச் சுருளை ஒரே பார்வையில் விரித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. தோளகலத்துக்கு விரித்து, பார்த்ததைச் சுருட்டிக்கொண்டே அடுத்ததை விரிப்பார்கள். மெட்ரோபாலிட்டனில் உள்ள, சோங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் ஹுவாங் டிங்ஜியனின் சுருள் 18 மீட்டருக்கும் மேல் நீளம். திரையில் முழுதாகப் பார்த்தால் எறும்பு ஊர்ந்ததுபோல்தான் இருக்கும். நான்கைந்து பத்திகள் மட்டும் திரையை நிறைக்கும்படி வைத்து நகர்த்துங்கள்.

சிவப்பு முத்திரைகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். பழைய படைப்புகளில் அவற்றில் பெரும்பாலானவை பின்னால் வந்த உரிமையாளர்களும் பேரரசர்களும் குத்தியவை. எழுதிய கைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

கோட்டு வரிசை

விதிகள் ஐந்தாறுதான். மேலிருப்பது முதலில், கீழிருப்பது பிறகு. இடது முதலில், வலது பிறகு. குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் வெட்டினால் குறுக்குக் கோடு முதலில். நடுவில் ஒன்றும் இரு பக்கமும் சமமாக இரண்டும் இருந்தால் நடு முதலில். பெட்டி போன்ற வடிவமானால் சட்டத்தை எழுதி, உள்ளே நிரப்பி, அடிக்கோட்டை இழுத்துக் கடைசியில் மூட வேண்டும். ஷிங்ஷுவில் சில இடங்களில் இந்த வரிசை மாறும். கோடுகளுக்கு இடையே தெரியும் மெல்லிய இழை அதைக் காட்டிக்கொடுக்கும்.

பயிற்சிக்குத் தொன்றுதொட்டு வரும் எழுத்து "யொங்" (永). என்றென்றும் என்று பொருள். எட்டு அடிப்படை அசைவுகளும் அதில் அடங்கும் என்பதால் "யொங் எழுத்தின் எட்டு முறைகள்" என்று ஒரு பாடமே உண்டு. எட்டு அசைவும் ஐந்து கோடுகளில் வந்துவிடும். விரலால் காற்றில் எழுதிப் பாருங்கள்.

1. நடு உச்சியில் ஒரு புள்ளி. இடது மேலிருந்து நுனி நுழைந்து, வலது கீழாக அழுந்தி, தன் வயிற்றுக்குள்ளேயே திரும்பும்.

2. புள்ளிக்குக் கீழே சிறு குறுக்குக் கோடு வலதுபுறம் போகும். முனையில் ஓர் அழுத்தம், பிறகு நேர் கீழே முதுகெலும்பு போல் ஓர் இறக்கம். அடியில் சற்று நின்று, இடது மேலாக ஒரு கொக்கி தெறிக்கும்.

3. இடதுபுறத்தில், வலது மேலாக ஏறும் சிறு கோடு. அங்கேயே திரும்பி இடது கீழாக நீண்ட வீச்சு.

4. வலது மேலிருந்து முதுகெலும்பை நோக்கி, பறவை கொத்துவதுபோல் ஒரு சிறு வீச்சு.

5. அது முடிந்த இடத்திலிருந்து வலது கீழாக மெல்லத் தொடங்கித் தடித்துக்கொண்டே போகும் கோடு. மிகத் தடித்த இடத்தில் நின்று, தூரிகையைத் தூக்கியபடி கிடைமட்டமாக வெளியேறும்.

இப்போது இரண்டாம் கோட்டின் கொக்கியை மறுபடி பாருங்கள். அது அலங்காரம் போலத் தோன்றும். ஆனால் அடுத்த கோடு இடதுபுறத்தில் தொடங்குகிறது. அங்கே போகக் கிளம்பிய கைதான் தாளை விட்டு எழும்போது கொக்கியாகிறது. மூன்றாம் கோடு இடது கீழே முடிய, நான்காவது வலது மேலே தொடங்குகிறது. எழுத்திலேயே நீளமான பயணம் அதுதான், அது முழுக்கக் காற்றில் நடக்கிறது. மை படாத இந்தப் பயணங்களையும் சேர்த்துப் பின்தொடர்ந்தால்தான் எழுத்தின் தாளம் பிடிபடும். சீன ஆசிரியர்கள் இதைத்தான் முதலில் எதிர்பார்ப்பார்கள். புத்தகம் பார்த்துத் தானாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதையே.

ஒரு கோட்டுக்குள் நடப்பது

காய்ஷுவின் ஒரு குறுக்குக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நுழைவு, நடை, முடிவு என்று மூன்று பகுதிகள். வலதுபுறம் போக வேண்டிய தூரிகை முதலில் நூலிழை அளவு இடதுபுறம் போய்த் திரும்பும். அப்போது நுனி கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். தலை உருண்டையாக இருக்கும். அப்படிச் செய்யாமல் நேரடியாக நுழைந்தால் தலை கூர்மையாக இருக்கும். இரண்டும் சரியே, இரண்டுக்கும் சுவை வேறு. யான் ஜென்ச்சிங்கிடம் ஒளிந்த நுனி அதிகம். நான்காம் நூற்றாண்டு எழுத்துக்கலைஞர் வாங் ஷீஜியின் வழி வந்த எழுத்துகளில் கூர்நுழைவு அதிகம். நடுப்பகுதியில் தூரிகை சற்றே எழும், கோடு சற்றே மெலியும். கடைசியில் மேலேறி, அழுந்தி, வந்த வழியே திரும்பும். கீழே இறங்கிய கோடு சுருங்காமல் இருக்கக் கூடாது, போன கோடு திரும்பாமல் இருக்கக் கூடாது என்பது சோங் காலத்து மீ ஃபூவின் பெயரால் வழங்கும் விதி.

தடிமன் என்பது முழுக்க அழுத்தத்தின் கணக்கு. தூரிகை கூம்பு வடிவம்; நுனியால் தொட்டால் மயிரிழை, வயிறுவரை அழுத்தினால் விரலகலம். கோடு தடிக்கும் இடத்தில் கை கீழே இறங்கியது என்றும், மெலியும் இடத்தில் எழுந்தது என்றும் படியுங்கள். தட்டையான தாளில் மேல்கீழ் அசைவு தெரிவது இப்படித்தான்.

அடுத்து, கோட்டின் இரண்டு ஓரங்களையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே சீராக இருந்தால் நுனி கோட்டின் நடுவே போயிருக்கிறது. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பல்லுப்பல்லாகவும் இருந்தால் தூரிகை சாய்ந்து, நுனி வழவழப்பான பக்கத்தில் ஓடியிருக்கிறது. சோங் காலத்துக் கவிஞர் சு ஷியின் எழுத்தில் இது நன்றாகத் தெரியும். அவர் மணிக்கட்டை மேசையில் ஊன்றித் தூரிகையைச் சாய்த்துப் பிடிப்பார். அதனால்தான் அவர் எழுத்தின் இடதுபுறம் செழித்தும் வலதுபுறம் வறண்டும் இருக்கிறது என்று அவருடைய நண்பர் ஹுவாங் டிங்ஜியன் எழுதிவைத்திருக்கிறார். இந்த இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்த கதை சீனாவில் பிரபலம். ஹுவாங்கின் எழுத்து மரக்கிளையில் தொங்கும் பாம்பு என்றார் சு ஷி. உங்களுடையது கல்லுக்கு அடியில் நசுங்கிய தேரை என்றார் ஹுவாங். இருவர் படைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வசவும் சரிதான் என்று தோன்றும்.

வேகத்தை மையில் படிப்பது

ஷுவான் தாள் என்பது ஆன்ஹுவே மாகாணத்தில், நீலச்சந்தனம் என்று அங்கே அழைக்கப்படும் மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் கூழாக்கிச் செய்வது. படிகாரம் ஏற்றாத பச்சைத் தாள், அதாவது பதப்படுத்தாத தாள், மையை உடனே உறிஞ்சும். தூரிகை நின்றால் மை சுற்றிலும் ஊறிப் பரவும். விரைந்து போனால் ஓரம் கூராக நிற்கும். படிகாரம் ஏற்றிய தாளிலும் பட்டிலும் மை இப்படி ஊறாது. ஆகவே ஊறல் இல்லாததை வைத்து "வேகமாக எழுதினார்" என்று முடிவுகட்டுவதற்கு முன் தாளின் வகையைக் கவனியுங்கள்.

கோட்டுக்குள் வெள்ளைக் கீறல்கள் ஓடுவதை ஃபெய்பாய், அதாவது பறக்கும் வெள்ளை என்பார்கள். புதியவர்கள் எல்லா ஃபெய்பாயையும் வேகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: கை விரைந்தது, அல்லது மை தீர்ந்தது. பிரித்தறிய அதற்கு முந்தைய நான்கைந்து எழுத்துகளைப் பாருங்கள். அவை படிப்படியாக வெளிறிக்கொண்டே வந்திருந்தால் மை தீர்ந்திருக்கிறது. முந்தைய கோடு ஈரமாக இருக்க, இந்தக் கோட்டில் மட்டும் கீறல்கள் நீளவாக்கில் நேராக ஓடினால் அது வேகம். மை தீர்ந்த தூரிகையை மெதுவாக அழுத்தி இழுத்தால் கீறல்கள் நேராக இராமல் சொரசொரவென்று நிற்கும். இந்த மூன்றாவது வகைதான் எழுதக் கடினம். பார்க்கவும் சுவை மிகுந்தது அதுவே.

மெல்லிய மையில் பச்சைத் தாளில் எழுதியிருந்தால் இன்னொரு உதவி கிடைக்கும். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் முதலில் எழுதிய கோடு மேலே இருப்பதுபோல் தெரியும், பின்னால் வந்தது அதன் அடியில் போனதுபோல் இருக்கும். கெட்டி மையில் இது தெரியாது.

மை தொட்ட இடங்களைக் குறிப்பது

முறையிலேயே பலன் மிகுந்த பகுதி இது. படத்தை அச்செடுத்து, மை திடீரென்று கறுக்கும் ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். அங்கேதான் எழுதியவர் நிறுத்தி, தூரிகையை மைக்கல்லில் தோய்த்திருக்கிறார். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளதை ஒரு மூச்சாக எண்ணிக்கொள்ளலாம். சில மூச்சு நான்கெழுத்து. சில மூச்சு இரண்டு பத்தி தாண்டும்.

இதற்கு ஏற்ற படைப்பு, யான் ஜென்ச்சிங் 758-இல் தன் ஒன்றுவிட்ட சகோதரன் மகனுக்காக எழுதிய இரங்கலுரையின் வரைவு. தைப்பேயில் இருக்கிறது. ஆன் லூஷான் என்ற தளபதி தாங் அரசுக்கு எதிராக நடத்திய கலகத்தில் அந்த இளைஞனும் அவன் தந்தையும் கொல்லப்பட்டார்கள். இது காட்சிக்கு எழுதியது அல்ல, படியெடுக்க வேண்டிய கரட்டு வரைவு. அதனால் அடித்ததும் திருத்தியதும் இடையில் செருகியதும் அப்படியே இருக்கின்றன. தேதியும் பதவிப் பெயர்களும் வரும் தொடக்கப் பத்திகள் இடைவெளி விட்டு, ஓரளவு அமைதியாக நிற்கின்றன. நடுவில், தந்தை சிக்கினார், மகன் மாண்டான், கூடு கவிழ்ந்து முட்டைகள் உடைந்தன என்ற இடத்தை நெருங்க நெருங்க அடித்தல்கள் பெருகுகின்றன. காய்ந்த தூரிகையை அவர் விடாமல் இழுத்துக்கொண்டே போகிறார். கடைசிப் பத்திகள் கிட்டத்தட்ட விரைவெழுத்தாகிவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கை. கதை தெரிந்தபின் ஒவ்வொரு வறண்ட கோட்டிலும் கண்ணீர் தெரியத் தொடங்கும். அந்த வரிசையில் போகாதீர்கள். முதலில் புள்ளிகளை வையுங்கள், அடித்தல்களை எண்ணுங்கள், எழுத்தின் அளவு எங்கே மாறுகிறது என்று குறியுங்கள். மொழிபெயர்ப்பை அதற்குப் பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துக்கத்தில் நடுங்கியதா, விரைந்ததா, வெறுமனே மை தீர்ந்ததா என்பதை அப்போதுதான் நேர்மையாகப் பிரிக்க முடியும்.

சு ஷி நாடுகடத்தப்பட்டு ஹுவாங்ஜோவில் இருந்தபோது, 1082-ஐ ஒட்டி எழுதிய குளிர்ந்த உணவு நாள் (அடுப்பு மூட்டாத பண்டிகை நாள்) கவிதைச் சுருள் அடுத்த பயிற்சி. முதல் கவிதையின் எழுத்துகள் சிறியவை. இரண்டாவதில் பெருத்துக் கனக்கின்றன. இரண்டு மூன்று எழுத்துகளின் நெடுக்குக் கோடு மட்டும் பத்தியில் வாள்போல் நீண்டு இறங்குகிறது. அந்த நீளத்தை மணிக்கட்டை ஊன்றியபடியே இழுத்துப் பாருங்கள். பாதியில் கை முட்டும்.

உடலின் எந்த மூட்டு எழுதியது

எழுத்தின் அளவு இதைச் சொல்லும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழுத்துக்கு விரலும் மணிக்கட்டும் போதும். இடது கையை மணிக்கட்டுக்கு அடியில் தலையணை போல் வைத்துக்கொள்வதும் உண்டு. ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் எழுத்துக்கு மணிக்கட்டு மேசையை விட்டு எழ வேண்டும். அதற்கு மேல் முழங்கையும் எழும், தோள்தான் எழுதும். அடிக்கணக்கான எழுத்தை நின்றுகொண்டு இடுப்பும் காலும் சேர்ந்து எழுத வேண்டும். அருங்காட்சியகத்தில் உண்மை அளவை நேரில் பார்ப்பதன் பயன் இதுதான். தொலைபேசித் திரையில் எல்லா எழுத்தும் விரலசைவாகத் தெரியும். விவரக் குறிப்பில் உயரம் போட்டிருப்பார்கள். அதைப் பத்தியில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எழுத்தின் அளவு தோராயமாகக் கிடைக்கும்.

தாங் காலத்துத் துறவி ஹுவாய்சுவின் 777-ஆம் ஆண்டுத் தன்வரலாற்றுச் சுருள் 28 சென்டிமீட்டர் உயரம், ஏழரை மீட்டர் நீளம். அதில் கோடு அதிகம் தடிப்பதும் இல்லை, மெலிவதும் இல்லை. கம்பி போல் ஒரே சீராகச் சுழல்கிறது. அழுத்தத்தைத் தேடினால் ஏமாற்றந்தான். அங்கே பார்க்க வேண்டியது வளைவில் தூரிகை எப்படித் திரும்பியது என்பதை. முடிவை நெருங்கும்போது ஒரு பத்தியை இரண்டே எழுத்துகள் அடைத்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் மணிக்கட்டு தோளுக்கு இடம் விட்டிருக்கிறது.

கையில் தூரிகை எடுத்துப் பார்ப்பது

ரசிகராக மட்டும் இருக்க நினைப்பவரும் ஒருமுறையாவது எழுதிப் பார்க்க வேண்டும். கலைஞராக வேண்டாம், ஒரு குறுக்குக் கோடு எவ்வளவு கடினம் என்று கை தெரிந்துகொண்டால் போதும்.

ஆட்டு மயிரும் வீசல் (கீரி போன்ற சிறு விலங்கு) வால்மயிரும் கலந்த தூரிகை நல்லது. வெறும் ஆட்டு மயிர் துவண்டுவிடும், வெறும் வீசல் மயிர் துள்ளும். மயிர்ப்பகுதி நான்கு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் தடிமன். புதுத் தூரிகையின் நுனியில் கஞ்சி இறுகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். கொதிநீரில் போட்டால் வேரில் உள்ள பசை இளகி மயிர் உதிரும். பாட்டில் மை ஐந்து மில்லி ஒரு பயிற்சிக்குத் தாராளம். கரிப்புகையும் வச்சிரப் பசையும் சேர்த்த மைக்கட்டியை மைக்கல்லில் உரைப்பது அழகான வேலைதான், தொடக்கத்தில் தேவையில்லை. தாளுக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டம் போட்ட மூங்கில் கூழ்த் தாள். எதுவும் கிடைக்காவிட்டால் சிலேட்டிலோ சிமென்ட் தரையிலோ தண்ணீர் தொட்டு எழுதலாம். காய்வதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தூரிகையை நிமிர்த்திப் பிடியுங்கள். கட்டைவிரல் ஒருபுறம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எதிர்ப்புறம், மோதிர விரல் பின்னாலிருந்து தாங்க, சுண்டுவிரல் அதற்குத் துணை. உள்ளங்கையில் ஒரு முட்டை வைக்க இடம் இருக்க வேண்டும். முதலில் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, பிறகு மை தொட்டு, தட்டின் விளிம்பில் நுனியைக் கூராக்குங்கள். முதல் நாள் முழுக்கக் குறுக்குக் கோடு மட்டும். எழுதி முடித்ததும் கழுவி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். மை வயிற்றுக்குள் காய்ந்தால் தூரிகை விரிந்து கெட்டுவிடும்.

உங்கள் கோடுகள் எப்படிக் கெடுகின்றன என்பதுதான் பாடம். பழைய ஆசிரியர்கள் எட்டுக் குறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நுழையும்போது ஓங்கி அழுத்திவிட்டு அப்படியே போனால் தலை பெருத்து மாட்டுத்தலை. முடிவில் திரும்பாமல் கையைப் பிடுங்கினால் எலிவால். நடுவில் தேவைக்கு மேல் தூக்கினால் குளவி இடுப்பு. திருப்பத்தில் நின்று புடைத்தால் நாரை முட்டி. இரு முனையையும் ஒரே மாதிரி அமுக்கினால் மூங்கில் கணு. இரு முனையும் கீழே தொங்கினால் விறகுக் காவடி. மூலையில் நுனியைச் சுழற்றாமல் வெடுக்கென்று முறித்தால் கூர்முனை, கரடுமுரடாகத் தொடங்கினால் ஒடிந்த கிளை. அழுத்தி அழுத்திச் சதை மட்டும் வைத்த எழுத்துக்கு மைப்பன்றி என்று வேறொரு பெயரும் உண்டு. வாங் ஷீஜியின் ஆசிரியை வெய் அம்மையார் பெயரால் வழங்குவது. பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு தவறான அசைவைச் சுட்டுகின்றன. இரண்டு பக்கம் எழுதினால் எட்டும் உங்கள் தாளிலேயே கிடைத்துவிடும். பிறகு பெரிய கலைஞர்களிடம் போனால், அவர்கள் அவற்றில் சிலவற்றைத் தெரிந்தே செய்திருப்பதும் கண்ணில் படும்.

இதற்குப் பின் வாங் ஷீஜி 353-இல் எழுதிய ஆர்க்கிட் மண்டப முன்னுரையை எடுக்கலாம். மூலம் போய்விட்டது. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில், ஃபெங் செங்சு பெயரால் வழங்கும் தாங் காலத்து நகல், கிளைத்த மயிர்க் கீறல்களைக்கூட விடாமல் எடுத்தது. 28 பத்திகள், 324 எழுத்துகள். அதில் "ஜி" (之) என்ற சிறிய எழுத்து இருபது முறை போல வருகிறது, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. வேண்டுமென்றே வேறுபடுத்தினார் என்று பாராட்டுவது வழக்கம். அதோடு நிற்காமல் ஒவ்வொரு "ஜி"க்கும் முந்தைய எழுத்தின் கடைசிக் கோட்டைப் பாருங்கள். கை எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்ததோ, அதற்கேற்பப் பல இடங்களில் அதன் தலைப்புள்ளி சாய்ந்திருப்பது தெரியும்.

எழுதுவதை நேரில் பார்க்கும்போது

கையசைவைப் பார்த்து எழுத்தை வளர்ப்பது இந்த மரபிலேயே உண்டு. கோங்சுன் என்ற நடனப்பெண்ணின் வாளாட்டத்தைக் கண்டபின் எழுத்துக்கலைஞர் ஜாங் ஷுவின் விரைவெழுத்து மேம்பட்டது என்று கவிஞர் டு ஃபூ குறிப்பிடுகிறார். படகோட்டிகள் துடுப்பு வலிப்பதைக் கண்டு தூரிகையைப் புரிந்துகொண்டதாக ஹுவாங் டிங்ஜியன் எழுதினார். நம் காலத்தில் தைவானின் கிளவுட் கேட் நடனக் குழு எழுத்துக்கலையின் அசைவை 2001 முதல் மேடைக்குக் கொண்டுவந்தது.

பெய்ஜிங் பூங்காக்களில் காலையில் முதியவர்கள் ஸ்பாஞ்ச் நுனி வைத்த நீளத் தூரிகையால் தரைக்கல்லில் தண்ணீர் தொட்டு எழுதுவார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சிவப்புத் தாளில் வாழ்த்து எழுதித் தருபவரின் மேசை எளிது. அவருக்கு எதிரே நிற்காதீர்கள். எழுத்து தலைகீழாகத் தெரியும். அவருடைய இடது தோளுக்குப் பின்னால், வெளிச்சத்தை மறைக்காமல் நில்லுங்கள். தூரிகை நுனியைவிட முழங்கையைக் கவனியுங்கள், நுனி தாளைத் தொடுவதற்குச் சற்று முன்பே முழங்கை கிளம்பியிருக்கும்.

மேடை நிகழ்ச்சிகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. துடைப்பம் அளவுத் தூரிகையோடு ஓடி, கத்தி, மை தெறிக்க எழுதும் காட்சிகள் இப்போது அதிகம். பார்த்த அசைவின் ஆவேசம் நம் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. அதே ஆவேசம் தாளிலும் இருப்பதாக நம்பிவிடுகிறோம். பெரும்பாலும் இருப்பதில்லை. பெரிய அசைவு பெரிய கோட்டைத் தருவதில்லை. நுனி எங்கே போனது என்பதுதான் கணக்கு. நல்ல எழுத்துக்கலைஞர்கள் பலர் எழுதும்போது பார்க்க ஒன்றுமே இருக்காது. தோள் தாழ்ந்திருக்கும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கிளம்பாமல், மை காய்ந்தபின் தாளின் அருகே போங்கள். கோடுகளின் முடிவுகளைப் பாருங்கள்: திரும்பியிருக்கின்றனவா, பிடுங்கியிருக்கின்றனவா? ஓரங்களில் இரட்டைக் கறுப்பு இருக்கிறதா? இருந்தால் பின்னால் தொட்டுச் சரிசெய்திருக்கிறார். தெறித்த மைத்துளிகளைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். நடுவில் உள்ள ஓர் எழுத்தைத் தாளைத் தொடாமல் விரலால் காற்றில் எழுதிப் பாருங்கள். கை வழுக்கிக்கொண்டு போனால் எழுத்து நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டினால் எழுதியவருக்கும் அங்கே தட்டியிருக்கிறது.